கிழக்கு ஜெர்மனி: எப்படி எழுந்தது, எதனால் கவிழ்ந்தது?

1949 அக்டோபர் 7இல் பிறந்து 1990 அக்டோபர் 3இல் இல்லாமல் போன நாடு கிழக்கு ஜெர்மனி. ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட நாடு ஒன்று எப்படி உருவாகிறது, எதை நம்பி நிற்கிறது, எந்த இடத்தில் விரிசல் விடுகிறது என்று முதன்முதலாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சோவியத் ஒன்றியத்தைவிட இதுவே நல்ல பாடம். அளவில் சிறியது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே மொழி பேசும், அதே போரில் தோற்ற இன்னொரு பாதி பக்கத்திலேயே இருந்தது. அந்த அரசு மறைந்ததும் கட்சியின் கோப்புகள், உளவுத்துறையின் கோப்புகள், திட்டக் குழுவின் கணக்குகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. மற்ற நாடுகளில் ஊகிக்க வேண்டியதை இங்கே படித்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்த நாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: பிடிக்காதவர்கள் வெளியேற முடியுமா, முடியாதா? வெளியேற முடிந்த காலம் வரை அரசு ஆட்டம் கண்டது. முடியாமல் செய்ததும் நிலைத்தது. மறுபடி முடியும் என்றானதும் பதினோரு மாதத்தில் காணாமல் போனது. நடுவில் இருந்த 28 ஆண்டுகளும், உள்ளே அடைபட்டவர்களை அதிருப்தி இல்லாமல் வைத்திருக்க எவ்வளவு செலவாகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கில் கழிந்தவை.

கட்சி, சொத்து, திட்டம்

1945இல் ஹிட்லரின் ஜெர்மனி வீழ்ந்ததும் நாட்டை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நான்கும் பிரித்துக்கொண்டன. முதல் மூன்றின் பகுதிகள் பின்னால் மேற்கு ஜெர்மனி ஆயின, சோவியத் பகுதி கிழக்கு ஜெர்மனி ஆனது. தலைநகர் பெர்லின் சோவியத் பகுதிக்கு நடுவில் இருந்தாலும் அதுவும் நான்காகப் பிரிந்தது. இந்த விநோதம்தான் பின்னால் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

சோவியத் பகுதியில் ஆட்சி கைமாறிய விதத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் நிலம்: 1945 செப்டம்பரில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் இழப்பீடு இல்லாமல் பறிக்கப்பட்டு, நிலமற்றவர்களுக்கும் அகதிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இது மக்களிடம் நல்ல பெயர் வாங்கித் தந்தது. அடுத்து கட்சி: 1946 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் இணைந்து சோஷலிச ஐக்கியக் கட்சி ஆனது. விரும்பி வந்தவர்களும் உண்டு. மறுத்த சமூக ஜனநாயகக் கட்சியினர் சிறைக்குப் போனதும் உண்டு. மற்ற கட்சிகளைக் கலைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே தேசிய முன்னணிக்குள் கொண்டுவந்து, வாக்குச்சீட்டில் ஒரே பட்டியலாக அச்சடித்தார்கள். வாக்காளர் அதை மடித்துப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். மறைவிடத்துக்குள் போகிறவர் யார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்வார்கள். 1950 பிப்ரவரியில் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம், அதாவது ஸ்டாசி, தொடங்கப்பட்டது. அதே ஆண்டு வால்டர் உல்பிரிஹ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார்.

தொடக்கமே நஷ்டத்தில்தான். போர் இழப்பீடு என்று சோவியத் படைகள் தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலேற்றின. இரட்டைத் தண்டவாளம் இருந்த இடங்களில் ஒன்றைப் பெயர்த்துப் போனார்கள். மேற்கு ஜெர்மனிக்கு அதே காலத்தில் மார்ஷல் திட்டம் என்ற அமெரிக்க மறுகட்டுமான உதவியின் டாலர் வந்துகொண்டிருந்தது. கிழக்கின் பின்தங்கலை முழுக்க முழுக்கத் திட்டமிட்ட பொருளாதாரத்தின் தலையில் கட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1952 ஜூலையில் சோஷலிசக் கட்டுமானத்தைத் தொடங்குவதாகக் கட்சி அறிவித்தது. கனரகத் தொழிலுக்குப் பணம் முழுக்கப் போனது. பிரித்துக் கொடுத்த நிலத்தைத் திரும்பக் கூட்டுப் பண்ணையில் சேர்க்கச் சொன்னார்கள். 1953 மே மாதம் தொழிலாளரின் வேலை அளவை 10 சதவீதம் உயர்த்தினார்கள். அதே கூலிக்குக் கூடுதல் வேலை என்று பொருள். ஜூன் 16 அன்று பெர்லினின் ஸ்டாலின் அவென்யூவில் கட்டடத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் நூற்றுக்கணக்கான ஊர்களில் வேலைநிறுத்தம்; சுதந்திரத் தேர்தல் வேண்டும் என்ற முழக்கம். சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. குறைந்தது 55 பேர் இறந்தார்கள். உழைப்பாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட ஒன்றின் மேல் முதலில் கல்லெறிந்தவர்கள் உழைப்பாளர்களே. இந்த அச்சம் கடைசி வரை தலைமையை விட்டுப் போகவில்லை. விலையையோ வேலை அளவையோ தொடும் யோசனை எழும்போதெல்லாம் 1953 நினைவுக்கு வந்துவிடும்.

ஓட்டமும் சுவரும்

இரண்டு ஜெர்மனிகளுக்கும் இடையிலான நெடிய எல்லையை 1952இலேயே வேலி போட்டு அடைத்தாயிற்று. பெர்லினுக்குள் மட்டும் எல்லை திறந்தே கிடந்தது. நகர ரயிலில் ஒரு டிக்கெட் எடுத்தால் மேற்கு பெர்லினில் இறங்கிவிடலாம். அங்கிருந்து விமானத்தில் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விடலாம். 1949க்கும் 1961 ஆகஸ்ட்டுக்கும் இடையில் சுமார் 27 லட்சம் பேர் போய்விட்டார்கள். போனவர்களில் பாதிப்பேர் 25 வயதுக்குக் குறைந்தவர்கள். மருத்துவர், பொறியாளர், தேர்ந்த தொழிலாளி என்று அரசு செலவழித்துப் படிக்கவைத்தவர்கள் அதிகம். 1961 ஜூலையில் மட்டும் 30,000 பேர்.

அந்த ஆண்டு ஜூன் 15 அன்று பத்திரிகையாளர்கள் முன் உல்பிரிஹ்ட், சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை என்றார். சுவரைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. ஆகஸ்ட் 13, ஞாயிறு அதிகாலை, வேலை தொடங்கியது. பொறுப்பாளர் எரிக் ஹோனெக்கர், பின்னாளில் தலைவர் ஆனவர். முதல் நாள் முள்கம்பி, பெயர்த்த சாலைக்கல், துப்பாக்கியோடு வரிசை. சில நாள் கழித்து கான்கிரீட் கட்டிகள். மேற்கு பெர்லினைச் சுற்றி வளைத்த அந்த எல்லையின் நீளம் சுமார் 155 கிலோமீட்டர். நகரத்தைக் குறுக்காக வெட்டிய பகுதி அதில் 43 கிலோமீட்டர்தான். பெர்லின் சுவரில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள்.

கொடூரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அரசின் கோணத்திலிருந்து பார்த்தால் சுவர் வேலை செய்தது. ஆட்கள் ஓடுவது நின்றது; தொழிற்சாலை மேலாளருக்கு அடுத்த மாதம் யார் இருப்பார்கள் என்று தெரிந்தது. இனி இங்கேதான் வாழ்க்கை என்று புரிந்துகொண்டவர்கள் வீட்டைச் சரிசெய்தார்கள், பட்டம் படித்தார்கள், கட்சியில் சேர்ந்தார்கள். கிழக்கு ஜெர்மனி ஓரளவு நிதானமான நாடாக ஆனது சுவருக்குப் பிறகே.

வெளியுலக அங்கீகாரம் தனிக் கதை. கிழக்கை அங்கீகரிக்கும் நாட்டோடு உறவை முறிப்போம் என்பது 1955 முதல் மேற்கு ஜெர்மனியின் கொள்கை. அது முதலில் உறைத்த இடங்களில் இலங்கையும் ஒன்று. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு கிழக்கு ஜெர்மனியின் துணைத் தூதரகத்துக்கு இடம் கொடுக்க, மேற்கு ஜெர்மனி இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1970இல் மறுபடி ஆட்சிக்கு வந்த அவர் முழு அங்கீகாரமே கொடுத்துவிட்டார். இந்தியா 1972 அக்டோபரில் கொடுத்தது. 1973இல் இரு ஜெர்மனிகளும் ஒரே நாளில் ஐ.நா. உறுப்பினர்கள் ஆயின.

திட்டமிட்ட பொருளாதாரம்: எங்கே இடறுகிறது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்ற கம்யூனிச நாடுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கட்சியின் அரசியல் குழு பெரிய இலக்குகளை முடிவு செய்யும்: இத்தனை வீடு, இத்தனை மின்சாரம், இவ்வளவு ஏற்றுமதி. அரசுத் திட்டக் குழு அதைத் துறைவாரியாக உடைத்து அமைச்சகங்களுக்கு அனுப்பும். அமைச்சகம் கொம்பினாட்டுகளுக்கு அனுப்பும். ஒரே தொழிலில் உள்ள பல ஆலைகளைச் சேர்த்த பெருங்குழுமம்தான் கொம்பினாட். மத்திய அரசின் கீழ் இருந்தவை 1980களில் 120க்கும் மேல். கொம்பினாட் ஆலைகளுக்கு அனுப்பும். ஆலை, "இவ்வளவு செய்ய இன்னது வேண்டும்" என்று பதில் எழுதும். அது அதே படிகளில் மேலே ஏறும். முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இருப்புநிலைத் தாள் உண்டு. ஒரு பக்கம் உற்பத்தியும் இறக்குமதியும், மறுபக்கம் கேட்கிறவர்கள். இரண்டும் சமமாகும் வரை வெட்டி ஒட்டுவார்கள். ஆயிரக்கணக்கான தாள்கள். ஒன்றில் கைவைத்தால் பத்து தாள் மாறும்.

குழப்பம் முட்டாள்தனத்தால் வருவதில்லை. ஒவ்வொருவரும் தன் இடத்தில் புத்திசாலித்தனமாக நடப்பதால் வருகிறது. இந்த ஆண்டு இலக்கைத் தாண்டினால் அடுத்த ஆண்டு இலக்கை உயர்த்திவிடுவார்கள். ஆகவே மேலாளர் தன் ஆலையின் உண்மையான திறனைச் சொல்லமாட்டார். கேட்ட பொருள் முழுக்க வராது என்று தெரியும். ஆகவே தேவைக்கு மேல் கேட்டு வாங்கி அடுக்கிவைப்பார். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாத தெருவில் எல்லா வீட்டிலும் குடம் நிரம்பியே இருக்கும், இருந்தும் தெருவில் தண்ணீர்ப் பஞ்சம்தான். ஆலைகளின் கிடங்குகளும் அப்படித்தான். உதிரி பாகம் வராது என்பதால் ஒவ்வொரு பெரிய ஆலையும் தனக்கு வேண்டியதைத் தானே செய்யப் பட்டறை வைத்துக்கொண்டது. அது எப்போதும் செலவு கூடிய வழி. நஷ்டமானாலும் ஆலை மூடப்படாது என்பதால் செலவைக் குறைக்க யாருக்கும் அவசரமில்லை.

விலை எதையும் சொல்லாது என்பது இதைவிடப் பெரிய இடர். டிராபாண்ட் காரைப் பாருங்கள். சுவிக்காவ் நகரில் தயாரானது. உடல் இரும்பல்ல, சோவியத் பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய டூரோபிளாஸ்ட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். இறக்குமதித் தகடு கிடைக்காத நாட்டில் உண்மையிலேயே கெட்டிக்கார ஏற்பாடு. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 26 குதிரைத்திறன். 601 மாடல் 1964இல் வந்தது. 1990 வரை பெரிய மாற்றமில்லாமல் அதேதான். பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயதானதும் பெயரைப் பதிந்து வைப்பார்கள். அதனால் ஓட்டிய பழைய டிராபாண்ட், புதியதைவிட அதிக விலைக்குப் போனது. பற்றாக்குறை எங்கே என்று சந்தை கூவிச் சொல்கிறது. திட்டத் தாளில் அதைக் குறிக்க இடமே இல்லை.

மறுகோடியில் மானியம். ஒரு பன் ரொட்டி 5 பெனிக். நூறு பெனிக் ஒரு மார்க். பல பத்தாண்டு அதே விலை. வீட்டு வாடகை சதுர மீட்டருக்கு ஒரு மார்க் அளவில். கால்நடைத் தீவனத்தைவிட ரொட்டி மலிவு என்பதால் பன்றிக்கும் முயலுக்கும் ரொட்டி போட்டார்கள். வீட்டில் முயல் வளர்ப்பவரிடம் அரசு வாங்கிய விலை, அதே முயல்கறி கடையில் விற்ற விலையைவிட அதிகம். பின்வாசலில் விற்று முன்வாசலில் வாங்கினாலே லாபம். வாடகை பராமரிப்புச் செலவுக்கே போதாததால் லைப்சிக், ஹால்லே போன்ற ஊர்களின் பழைய வீதிகள் இடிந்து விழுந்தன.

ஹோனெக்கரின் பேரமும் காப்பியும்

1971இல் உல்பிரிஹ்ட்டை ஓரங்கட்டி ஹோனெக்கர் தலைவரானார். சம்பளம் ஏறும், வாடகையும் ரொட்டியும் ஏறாது, 1990க்குள் 30 லட்சம் வீடுகள் கட்டியோ புதுப்பித்தோ தருவோம். பதிலுக்கு நீங்கள் அமைதியாக இருங்கள் என்பது அவர் மக்களோடு போட்ட எழுதாத ஒப்பந்தம். வேலை, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எல்லாம் உறுதி. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் பத்தில் எட்டுக்குக் காப்பகத்தில் இடம் இருந்தது. பெண்கள் கிட்டத்தட்ட எல்லாரும் வேலைக்குப் போனார்கள். இன்றைக்கும் அங்கே வளர்ந்தவர்கள் சிலர் அந்த நாட்களை நல்லவிதமாக நினைவுகூர்வது வெறும் ஏக்கமல்ல. ஆனால் இதற்கான பணம் உற்பத்தியிலிருந்து வரவில்லை. புதிய இயந்திரம் வாங்க வேண்டிய பணத்திலிருந்தும் மேற்கு வங்கிகளின் கடனிலிருந்தும் வந்தது.

காப்பி விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1975 ஜூலையில் பிரேசிலில் உறைபனி காப்பித் தோட்டங்களை அழித்தது. உலக விலை பலமடங்கு ஏறியது. ஆண்டுக்குச் சுமார் 15 கோடி மேற்கு மார்க் காப்பிக்குச் செலவிட்ட கிழக்கு ஜெர்மனி, 70 கோடி அளவுக்குக் கொடுக்க வேண்டிவந்தது. ஆகவே 1977இல் மலிவு வகைக் காப்பியை நிறுத்திவிட்டு, 51 சதவீதம் காப்பியும் மிச்சம் ரை தானியம், பட்டாணி, சர்க்கரைக் கிழங்கு போன்றவற்றின் வறுத்த தூளும் கலந்த ஒன்றை விற்றார்கள். சுவை கிடக்கட்டும், உணவகங்களின் அழுத்தக் காப்பி இயந்திரங்களில் பட்டாணி மாவு ஊதிப்போய் வடிகட்டிகளை அடைத்தது. புகார்க் கடிதங்கள் குவிந்தன. குடிமக்களின் மனுவுக்கு நான்கு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டமே இருந்த நாடு அது. தேர்தல் பேசாத நாட்டில் மனு பேசும். கலவைக் காப்பியை மெல்லத் திரும்பப் பெற்றார்கள். எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கொடுத்துக் காப்பி வாங்கினார்கள். 1980இல் வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டு அங்கே தோட்டம் வளர்க்க இயந்திரமும் பணமும் அனுப்பினார்கள். தோட்டம் நன்றாகவே வளர்ந்தது. சொல்லிக்கொள்ளும் விளைச்சல் வந்தபோது 1990 ஆகிவிட்டது. வாங்கிக்கொள்ள நாடு இல்லை.

அடுத்த அடி எண்ணெய். சோவியத் ஒன்றியம் ஆண்டுக்கு 1.9 கோடி டன் கச்சா எண்ணெயைச் சலுகை விலையில் கொடுத்துவந்தது. அதில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து மேற்குக்கு விற்றுத்தான் கிழக்கு டாலர் சம்பாதித்தது. 1981இல் மாஸ்கோ அதை 1.71 கோடி டன்னாகக் குறைப்பதாகச் சொன்னது. 20 லட்சம் டன் எண்ணெய்க்காக இந்த நாட்டை ஆட்டம் காணவைப்பது தகுமா என்று ஹோனெக்கர் சோவியத் தலைவர் பிரெஷ்னேவிடம் கேட்டே பார்த்தார். மாஸ்கோவின் கையிலும் பணமில்லை. எண்ணெய்க்குப் பதில் பழுப்பு நிலக்கரியை எரித்தார்கள்; 1980களில் ஆண்டுக்கு 30 கோடி டன்னுக்கு மேல் தோண்டினார்கள். பிட்டர்ஃபெல்ட் பகுதியில் மூச்சு விடுவதே சிரமமானது.

அந்நியச் செலாவணிக்காக எதையும் விற்கும் நிலை வந்தது. அதற்கென்றே வணிக ஒருங்கிணைப்பு என்ற பெயரில் ஓர் அமைப்பு இருந்தது; தலைவர் அலெக்சாண்டர் ஷால்க்-கோலோட்கோவ்ஸ்கி. கலைப்பொருள் விற்றார்கள், காசு பெற்றுக்கொண்டு மேற்கின் குப்பையைத் தங்கள் மண்ணில் கொட்டவிட்டார்கள். கைதிகளையும் விற்றார்கள்: 1963 முதல் 1989 வரை 33,000க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனி 300 கோடி மார்க்குக்கு மேல் கொடுத்து மீட்டது. 1983இல் மேற்கு வங்கிகள் 100 கோடி மார்க் கடன் தந்தன. ஏற்பாடு செய்தவர் கடும் கம்யூனிச எதிர்ப்பாளராகப் பெயரெடுத்த பவேரியா முதல்வர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஸ்ட்ராவுஸ். அடுத்த ஆண்டு இன்னும் 95 கோடி. எல்லை வேலியில் பொருத்தியிருந்த தானியங்கித் துப்பாக்கிகளைக் கிழக்கு கழற்றியது.

இதே காலத்தில்தான் ஈழத்தமிழர்கள் இந்த எல்லையின் இன்னொரு முகத்தைப் பார்த்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, இடைவழி விசாவில் ஃபிரீட்ரிஹ்ஸ்ட்ராசே ரயில் நிலையம் போய், அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போய் அகதியாகப் பதிந்துகொண்டார்கள். பெர்லினைப் பிரித்த எல்லைக்கோட்டை மேற்கு ஒரு நாட்டெல்லையாக ஏற்கவில்லை. ஆகவே அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. தன் குடிமகனைச் சுடும் எல்லை வெளிநாட்டவரைத் தடுக்கவில்லை. கிழக்குக்கு விமானக் கட்டணம் வந்தது, மேற்குக்குத் தலைவலி கொடுக்கவும் முடிந்தது. 1985இல் பேச்சுவார்த்தைக்குப் பின், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத இலங்கையரை அப்படி அனுப்புவதில்லை என்று கிழக்கு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மேற்கு அதற்கு வட்டியில்லாக் கடன் வரம்பை உயர்த்தியது.

உளவுத்துறையைப் பற்றி எல்லாரும் அதிகம் எழுதுவதால் இங்கே சுருக்கமாக. 1989இல் ஸ்டாசியில் 91,000 முழுநேர ஊழியர்கள், சுமார் 1.9 லட்சம் ரகசியத் தகவலாளிகள். விட்டுப்போன கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீட்டர். இவ்வளவு கண்கள் இருந்தும் பயன்? காப்பி கெட்டது, ஆலை ஓடவில்லை, மக்கள் சலித்துவிட்டார்கள் என்று ஸ்டாசி சரியாகவே எழுதி அனுப்பியது. மேலே படித்தவர்களுக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

1989: கதவு திறந்த வரிசை

சோவியத் ஒன்றியத்தில் கோர்பச்சேவ் 1985இல் தலைமைக்கு வந்ததும் அடித்தளம் மாறியது. கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். ஆனால் 1953போல் அவர்கள் வரமாட்டார்கள் என்று மெல்லப் புரிந்தது. 1988இல் ஸ்புட்னிக் என்ற சோவியத் இதழையே கிழக்கு ஜெர்மனி தடுத்து நிறுத்தியது, அதில் அவ்வளவு சீர்திருத்தம் பேசினார்கள். 1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் 98.85 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். இந்த முறை தேவாலயக் குழுக்களும் எதிர்ப்பாளர்களும் வாக்குச்சாவடிகளில் நின்று எண்ணிப் பார்த்திருந்தார்கள். கணக்கு இடித்தது.

உடைப்பு வெளியிலிருந்து வந்தது. மே மாதம் ஹங்கேரி ஆஸ்திரிய எல்லையின் முள்வேலியைக் கழற்றத் தொடங்கியது. ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரோன் அருகே நடந்த சுற்றுலாக் கூட்டத்தில் 600க்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தார்கள். செப்டம்பர் 11 முதல் ஹங்கேரி அவர்களுக்கு எல்லையை முழுதாகத் திறந்தது. கோடை விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. வேறு ஆயிரக்கணக்கானோர் பிராகில் மேற்கு ஜெர்மன் தூதரக வளாகத்துக்குள் ஏறிக் குதித்தார்கள். அக்டோபர் 3 அன்று செக்கோஸ்லோவாக்கியாவுக்கான விசா இல்லாப் பயணத்தையும் கிழக்கு நிறுத்திக்கொண்டது. விளைவு எதிர்பாராதது: போக வழியில்லாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

லைப்சிக்கின் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கள்தோறும் பிரார்த்தனை முடிந்து ஊர்வலம் போவது வழக்கமாகியிருந்தது. அக்டோபர் 9 அன்று போலீஸ், ஆயுதந்தாங்கிய தொழிலாளர் படை எல்லாம் தயார். மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் சேர்த்துவைத்த செய்தி ஊர் முழுக்கப் பரவியது. சீனாவின் தியானன்மென் சதுக்கப் படுகொலை நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தவர்கள் 70,000 பேர். "நாங்கள்தான் மக்கள்" என்று முழங்கினார்கள். இசைநடத்துநர் கூர்ட் மாசுரும் உள்ளூர்க் கட்சிச் செயலாளர்கள் மூவரும் உட்பட ஆறு பேர் அமைதி காக்கக் கோரிய அறிக்கை ஒலிபெருக்கியில் ஓடியது. அத்தனை பேரைக் கலைக்க முடியாது என்று கண்டு படைகள் பின்வாங்கின. சுட உத்தரவிடும் பொறுப்பை யாரும் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஒரு வாரத்துக்குச் சற்று மேல் கழிந்ததும், அக்டோபர் 18இல், ஹோனெக்கர் வெளியே. எகோன் கிரென்ஸ் உள்ளே.

கிரென்ஸ் கேட்டதும் திட்டக் குழுத் தலைவர் கெர்ஹார்ட் ஷூரர் உண்மைக் கணக்கை அக்டோபர் 30 அன்று வைத்தார். மேற்குக்குக் கடன் சுமார் 4,900 கோடி மார்க் (பின்னால் சரிபார்த்தபோது மறைத்துவைத்த இருப்புகளைக் கழித்து, நிகரம் 2,000 கோடிக்குச் சற்றுக் குறைவு என்று தெரிந்தது). தொழில்துறை இயந்திரங்களில் 53.8 சதவீதம் தேய்மானம். கடன் மேலும் ஏறாமல் நிறுத்த மட்டுமே 1990இல் வாழ்க்கைத்தரத்தை 25 முதல் 30 சதவீதம் குறைக்க வேண்டும், குறைத்தால் நாட்டை ஆளவே முடியாது என்றது அறிக்கை. புதுக்கடன் கேட்க மேற்கு ஜெர்மனியைத் தவிர வேறு இடமில்லை. சுவரையே பேரத்தில் வைக்கலாம் என்ற யோசனைகூட அந்தத் தாளின் வரைவில் எட்டிப்பார்த்தது.

பேரம் பேச நேரமில்லாமல் போனது நவம்பர் 9 அன்று. நிரந்தரமாக வெளியேற விரும்புவோருக்கு விதிமுறை எழுதுங்கள் என்று அன்று காலை நான்கு அதிகாரிகளிடம் சொன்னார்கள். போய்த் திரும்ப விரும்புவோருக்கு மட்டும் தடை என்றால் அபத்தமாகிவிடுமே என்று அவர்கள் அதையும் சேர்த்து எழுதினார்கள். விண்ணப்பித்தால் பாஸ்போர்ட் அலுவலகம் அனுமதி தரும். செய்தி மறுநாள் அதிகாலை 4 மணிக்கு வெளியாகும் என்பது ஏற்பாடு. கட்சியின் மத்தியக் குழுக் கூட்டத்தில் அது பேசப்பட்டபோது இல்லாத கட்சிச் செய்தித் தொடர்பாளர் குந்தர் ஷபோவ்ஸ்கியிடம் கிரென்ஸ் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டார். மாலை செய்தியாளர் கூட்டத்தின் கடைசியில், ஏழு மணிக்குச் சில நிமிடம் முன், ஷபோவ்ஸ்கி அதை வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாளைப் புரட்டியவர், "உடனடியாக, தாமதமின்றி" என்றார். தொலைக்காட்சியில் நேரலை. எட்டு மணிக்கு மேற்கு ஜெர்மனியின் செய்தி, எல்லை திறக்கிறது என்று சொன்னது. கிழக்கில் பெரும்பாலானோர் பார்த்ததும் அந்தச் செய்தியைத்தான்.

போர்ன்ஹோல்மர் வீதிச் சோதனைச் சாவடிக்கு எந்த உத்தரவும் வரவில்லை. கூட்டம் மட்டும் வந்தது. பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் மேலே போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதிகம் சத்தம் போடுகிறவர்களை மட்டும் விடுங்கள், ஆனால் அடையாள அட்டைப் புகைப்படத்தின் மேல் முத்திரை குத்துங்கள், திரும்ப வரமுடியாதபடி என்றார்கள். கொதிக்கிற பானைக்குச் சற்று மூடி திறந்த கதைதான், கூட்டம் பெருகியது. இரவு 11.30 வாக்கில் யேகர் தன் பொறுப்பில் தடுப்பைத் திறந்துவிட்டார்.

கடைசிப் பதினோரு மாதங்கள்

போலந்தில் கட்சி போனாலும் போலந்து இருந்தது, ஹங்கேரியும் அப்படியே. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருக்க சோஷலிசம் ஒன்றே காரணம், அதை எடுத்துவிட்டால் இரண்டு ஜெர்மனி எதற்கு என்று கட்சியின் சிந்தனையாளர் ஓட்டோ ரைன்ஹோல்ட் 1989 ஆகஸ்ட்டிலேயே சொல்லியிருந்தார். முழக்கமும் "நாங்கள் ஒரே மக்கள்" என்று மாறியது. 1990 மார்ச் 18 தேர்தலில் 93.4 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். விரைவில் இணைப்பு என்று சொன்ன கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 40.8 சதவீதம், பழைய ஆளும் கட்சி பெயர் மாற்றி நின்று 16.4 வாங்கியது. தெருவில் முதலில் இறங்கிய எதிர்ப்புக் குழுக்களுக்கு மிகச் சொற்பமே. புரட்சிகளில் இது புதிதல்ல.

ஜூலை 1 அன்று மேற்கு மார்க் வந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் பெரியவர்களுக்கு 4,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று (60 வயதுக்கு மேல் 6,000), அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. மக்களுக்கு இது நியாயமாகப் பட்டது. வேறு விகிதம் வைத்திருந்தால் இன்னும் பல லட்சம் பேர் மேற்குக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆலைகளுக்கோ மரண அடி. ஒரு மேற்கு மார்க் ஏற்றுமதி வருமானத்துக்குக் கிழக்கு ஆலைகள் சராசரியாக 4.40 கிழக்கு மார்க் செலவழித்துவந்தன. அதை ஒரே இரவில் ஒன்றுக்கு ஒன்று என்றால், செலவு நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்ததற்குச் சமம். பழைய வாடிக்கையாளர்களான சோவியத் ஒன்றியத்துக்கும் மற்ற சோஷலிச நாடுகளுக்கும் அந்த மார்க்கில் கொடுக்கப் பணமில்லை. சொந்த மக்களோ மேற்குத் தயாரிப்பைத்தான் கேட்டார்கள்.

சுமார் 8,500 நிறுவனங்களும் அவற்றின் 40 லட்சம் தொழிலாளர்களும் டிராய்ஹாண்ட் என்ற பொறுப்பாண்மை அமைப்பின் கைக்கு வந்தார்கள். அதன் தலைவர் டெட்லெவ் ரோவெடர், விற்றால் 60,000 கோடி மார்க் தேறும் என்று 1990 அக்டோபரில் கணக்குப் போட்டார். 1991 ஏப்ரலில் அவர் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. 1994 இறுதியில் டிராய்ஹாண்ட் மூடியபோது ஆலைகள் விற்கவோ மூடவோ பட்டிருந்தன, வேலைகளில் பாதிக்கு மேல் போயிருந்தன, கணக்கில் மிஞ்சியது 25,000 கோடி மார்க்குக்கும் அதிகமான நஷ்டம்.